ஆந்தைகள் இடம் மாறிய அன்று

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் காலையில் போய்ப் பார்க்கிறேன், தேவாலயத்து மரங்களில் ஒரு ஆந்தைகூட இல்லை. கண்ணில்தான் கோளாறு என்று பைனாகுலரைக் கழுத்துத் துண்டால் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். பைன் மரங்கள் எல்லாம் வெறுமனே நின்றன. முந்தாநாள்வரை கிளைக்கு நாலைந்து என்று நெருக்கியடித்து உட்கார்ந்து, காது மாதிரி இருக்கும் இறகுக் கொம்புகளை நிமிர்த்தி, தாமதமாக வந்த டீச்சரைத் தலைமையாசிரியர் பார்ப்பதுபோல என்னைப் பார்த்துக்கொண்டிருந்த கூட்டம். குளிர்காலம் முழுக்கப் பகலில் அங்கேதான் தூங்கும், இருட்டினால் வயலுக்கு எலி பிடிக்கப் போகும். எனக்கு நினைவு தெரிந்த நாளாக அதே மரங்கள்தான்.

நேற்று நான் போய்ப் பார்க்கவில்லை. என் தம்பி நெதெல்கோவின் மனைவி ரூஷாவுக்கு வலி எடுத்து, நகரத்து மருத்துவமனையில் கொண்டுபோய்ச் சேர்த்ததில் நாள் முழுக்கப் போய்விட்டது. ஒரே ஒரு நாள் கண்ணை எடுத்தேன், அதற்குள் இப்படி.

என் பெயர் ஸ்மில்யா. இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஆனால் 'ஆந்தைக்காரி வீடு எது' என்று கேட்டால்தான் வழி காட்டுவார்கள். அதில் எனக்கு வருத்தம் கிடையாது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, ஆடு மாடு வளர்க்கவில்லை, ஆந்தையையாவது பார்த்துக்கொண்டு இருக்கிறாளே என்று என் அம்மாவே சொல்லிவிட்டுத்தான் போனாள்.

வருத்தமெல்லாம் துப்பாக்கியால். பழைய காலண்டர்ப்படி எங்கள் கிறிஸ்துமஸ் ஜனவரி ஏழாம் தேதி; அதற்கு முந்தின இந்த ஒரு சாயங்காலம், தேவாலய முற்றத்தில் ஓக் கிளைகளைக் குவித்துக் கொளுத்துவார்கள். கொளுத்துவதற்கு முன்னால் ஊர் ஆண்கள் எல்லாரும் வானத்தைப் பார்த்துச் சுடுவார்கள், அதே பைன் மரங்களுக்கு அடியில் நின்றுகொண்டு. மற்ற வருஷங்களில் ஆந்தைகள் பறந்து போய், ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்துவிடும். இந்த வருஷம் அப்படி இல்லை. பனி விழுந்ததற்கு மேல் மழை பெய்து அது அப்படியே உறைந்துவிட்டது. வயல் முழுக்கக் கண்ணாடி மூடி போட்ட மாதிரி. எலிகள் கீழே சுகமாக இருக்கின்றன, மேலே ஆந்தைகள் பட்டினி. வயிறு காய்ந்த பறவையை இந்தக் குளிரில் ஒரு தடவை விரட்டினாலே போதும், இரண்டு நாளில் எங்காவது வேலியோரம் விறைத்துக் கிடக்கும். போன வாரமே அப்படி ஒன்றை எடுத்தேன். கையில் கனமே இல்லை.

அதனால் டிசம்பர் முழுக்க வீடு வீடாகப் போனேன். கெஞ்சினேன், சண்டை போட்டேன், இரண்டு வீட்டில் அழவும் அழுதேன். துப்பாக்கிச் சத்தம் வேண்டாம் என்று சொல்லவில்லை, சொன்னால் என்னையே சுட்டிருப்பார்கள். தேவாலயத்தில் வேண்டாம், ஊருக்குக் கிழக்கே எங்கள் பழைய பண்ணை சும்மாதானே கிடக்கிறது, அங்கே போய்ச் சுட்டுவிட்டு வாருங்கள் என்றேன். நெதெல்கோ வேட்டைக்காரர் சங்கத்துக்குத் தலைவன். அவன் ஒத்துக்கொண்டு மற்றவர்களையும் ஒத்துக்கொள்ள வைத்தான். 'அக்காவோட ஆந்தைக்கு வாட்ச்மேன்' என்று அவனுக்குப் பட்டம் கட்டினார்கள். கேட்டுக்கொண்டு சும்மா இருந்தான்.

இப்போது மரத்தில் ஆந்தையே இல்லை.

பிரோஷ்காவுக்குப் போன் போட்டேன். அவள் எங்கள் தெருவின் கடைசி வீடு, ஹங்கேரியக்காரி, என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள். அவளிடம் ஒரு பழைய லாடா கார் இருக்கிறது. அதைவிட முக்கியம், அவளுக்கு இன்று வேலை இல்லை. அவர்களுடைய கிறிஸ்துமஸ் டிசம்பரிலேயே முடிந்துவிடும்.

"என்னடி, காலங்காத்தால?"

"ஆந்தைங்களைக் காணோம். வண்டியை எடு."

"போலீஸ்ல சொல்லேன்."

"பிரோஷ்கா, விளையாடாதே. சாயங்காலம் துப்பாக்கியெல்லாம் வெளியே வந்துரும். அதுக்குள்ள எங்க இருக்குன்னு தெரிஞ்சாகணும். எவனாவது போற வழியில, தெரியாம, அதுங்க தலைக்கு மேலயே சுட்டுவைப்பான்."

"வரேன் வரேன். நீ என்ன, வீட்ல கஞ்சி கூட குடிக்காம கிளம்பியிருப்பே. ரொட்டி எடுத்துட்டு வரேன்."

வண்டி வருவதற்குள் நெதெல்கோவைக் கூப்பிட்டேன். பிரசவ வார்டில் ஆண்களை இருக்கவிடமாட்டார்கள் என்று நேற்று இரவே திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஊரில் இருந்துகொண்டு அவன் ஒரு பக்கம் கூண்டுப்புலி மாதிரி நடந்துகொண்டிருந்தான்.

"பொறந்துச்சா?"

"இல்லக்கா. இன்னும் இல்லங்கறா. போனை வெக்காதே, இல்ல, வெச்சுரு, அவ கூப்பிட்டாலும் கூப்பிடுவா."

வைத்துவிட்டேன். அவனுக்கு அந்தப் போனைத் தவிர உலகத்தில் வேறு ஒன்றும் இல்லை அன்றைக்கு. கல்யாணமாகி எத்தனையோ வருஷம் கழித்து உண்டான பிள்ளை. அதிலும் ஒரு முள் இருந்தது. எங்கள் ஊரில் பையன் பிறந்தால் அப்பன்காரன் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வெளியே வருவான். சத்தம் கேட்டதும் ஊரே வாழ்த்த ஓடும். பெண் பிறந்தால் சத்தமே வராது. சத்தம் வரவில்லை என்றாலே எல்லாருக்கும் விஷயம் புரிந்துவிடும். மூன்று பையன்களைப் பெற்ற ராதிவோய், ரூஷாவின் வயிற்றைப் பார்க்கும்போதெல்லாம், "நெதெல்கோ, பொண்ணு பொறந்தா துப்பாக்கிக்குத் தொண்டை கட்டிக்கும்டா, பாத்து" என்பான். ரூஷா சிரித்துவிட்டு உள்ளே போய்விடுவாள். உள்ளே போய் என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் பின்னாலேயே நானும் போவேன். ஒரு நாள் கடையில் எல்லார் முன்னாலும் நெதெல்கோ மேஜையைத் தட்டிச் சொன்னான்: "எதுவா இருந்தாலும் சுடுவேன். ஊர் முன்னால சுடுவேன். ரூஷா போன்ல கேப்பா."

பிரோஷ்கா வந்தாள். கார் கதவைச் சாத்துவதற்கு முன்னாலேயே, "கால்வாய்க்கரை பாப்லர் மரத்துக்குப் போ" என்றேன்.

"வணக்கம் சொல்றது, ரொட்டி சாப்பிடறது எதுவும் கிடையாதா?"

"போடி."

கால்வாய்க்கரையில் இல்லை. ஆந்தையைத் தேடும்போது மேலே பார்க்கக் கூடாது, கீழேதான் பார்க்க வேண்டும். அவை தின்ற எலியின் மயிரையும் எலும்பையும் கட்டைவிரல் அளவு உருண்டையாகக் கக்கிப் போடும். எச்சம் பனியில் சுண்ணாம்பு தெளித்ததுபோலத் தெரியும். கால்வாய்க்கரை மரங்களுக்கடியில் முயல் தடம் மட்டும்தான். ஹங்கேரியர் கல்லறைத் தோட்டத்தில் கூம்பு மாதிரி அடர்ந்து நிற்கும் துயா மரங்களில் பார்த்தோம், இல்லை. ரயில் நின்றுபோன பழைய ஸ்டேஷனில் பார்த்தோம். கூரை ஓட்டில் ஒரு சின்ன ஆந்தை, கைப்பிடி அளவு, வெயிலுக்கு முகத்தைக் காட்டிக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தது.

"இந்தா, ஆந்தை. வீட்டுக்குப் போலாமா?" என்றாள் பிரோஷ்கா.

"இது வேற ஆந்தை. இது வருஷம் பூரா இங்கதான் இருக்கும்."

"ஆந்தையிலயும் உங்காளு எங்காளுன்னு இருக்கா?"

எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. வேறு நாளாக இருந்தால் அந்த வயல்களில் நான் நாள் முழுக்க நின்றிருப்பேன். மேலே காட்டு வாத்துகள் கோடு கோடாகக் கத்திக்கொண்டு போயின. சாம்பல் நிறப் பூனைப்பருந்து ஒன்று சோளத்தட்டை வரிசைக்கு மேல் தணிந்து, திரும்பி, மறுபடி தணிந்து, எதுவும் கிடைக்காமல் போனது. முள்வேலியில் ஒரு கீச்சான் குருவி. எல்லாவற்றையும் பார்த்தேன், எதையும் பார்க்கவில்லை. ஒரு இடத்தில் இறங்கினால் அடுத்த இடத்தில் இருக்கலாம் என்று கால் அரித்தது. காரில் ஏறினால் இப்போது விட்டுவந்த இடத்தைச் சரியாகப் பார்த்தோமா என்று மனம் அரித்தது. நடுநடுவே நெதெல்கோவுக்குப் போன். "இல்லக்கா." மறுபடி போன். "அக்கா, நீ வேற ஏங்கா..."

மாவு மில், தானியச் சைலோ, தோப்பு, பன்றிப்பண்ணை எல்லாம் முடிந்தது. பகல் சரிய ஆரம்பித்தது. பிரோஷ்கா வண்டியை நிறுத்திவிட்டு, ரொட்டியைப் பிய்த்து என் வாயிலேயே திணித்தாள்.

"மெல்லு. யோசி. உனக்குத் தெரியாததா? நீ ஆந்தையா இருந்தா எங்க போவே?"

"காத்து அடிக்காத இடத்துக்கு."

"காத்து எங்கேருந்து அடிக்குது?"

நிமிர்ந்து பார்த்தேன். ஊர்ப் புகைபோக்கிகளிலிருந்து வந்த புகை எல்லாம் வடமேற்காகப் படுத்துக்கொண்டு போனது. கோஷவா, தென்கிழக்கிலிருந்து வரும் எங்கள் பக்கத்துக் குளிர்காற்று, கிளம்பிவிட்டது. இரண்டு நாளாக அடிக்கிறது, நான் மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் ஓடியதில் கவனிக்கவேயில்லை. தேவாலயத்து மரங்கள் அந்தக் காற்றுக்கு நெஞ்சைக் கொடுத்து நிற்பவை. காற்றுக்கு மறைவு வேண்டும், அடர்ந்த ஊசியிலை மரம் வேண்டும், பனிக்கு மேலேயே, தானியத்தைத் தேடி வரும் எலி வேண்டும். இந்த வருஷம் சோளக்கதிரைக் கொட்டகையிலிருந்து எடுக்காமல் விட்டது ஒரே ஒரு இடத்தில்தான். எடுக்காமல் விட்டவன் என் தம்பி.

மென்றுகொண்டிருந்த ரொட்டியைக் கையில் துப்பினேன்.

"என்னடி?" என்றாள் பிரோஷ்கா.

"எங்க பண்ணை."

"எந்தப் பண்ணை? துப்பாக்கி எல்லாம்..."

"ஆமா. அதே பண்ணை. போ, போ, வண்டியை எடு!"

பிள்ளைகளுக்குக் கூட்டல் கணக்கில் ஒரு எண்ணை விட்டுவிட்டால் காதைத் திருகுகிறேன். என் காதைத் திருக ஆள் இல்லை. காற்றும் எலியும் மரமும் சேர்ந்தால் என்ன வரும் என்று தெரிந்தவள் நான் ஒருத்தி. நானே போய் ஊர்த் துப்பாக்கி அத்தனையையும் ஒன்று திரட்டி அங்கே அனுப்பியிருக்கிறேன்.

பண்ணைப் பாதையில் லாடா பாதி தூரத்தில் பனியில் வயிற்றைப் பதித்துக்கொண்டு நின்றுவிட்டது. பிரோஷ்கா ஸ்டியரிங்கை ஹங்கேரிய மொழியில் திட்டிக்கொண்டிருக்கும்போதே நான் இறங்கி ஓடினேன். ஓட முடிந்தால்தானே. மேல் மூடி இரண்டு அடி தாங்கும், மூன்றாவது அடியில் முழங்கால்வரை உள்ளே இழுக்கும். விழுந்து எழுந்து கொட்டகைக்குப் பின்னால் இருந்த ஊசியிலை மரங்களுக்குப் போனேன். மரங்களுக்கடியில் பனி வெள்ளையாக இல்லை. உருண்டைகளும் எச்சமுமாகக் கிடந்தது. மேலே பார்த்தேன். இருந்தன. எல்லாம் இருந்தன. கிளையோடு கிளையாக, மரப்பட்டை நிறத்தில், உடம்பை ஒடுக்கிக்கொண்டு. ஆரஞ்சு நிறக் கண்கள் ஒவ்வொன்றாகத் திறந்து என்னைப் பார்த்தன. சந்தோஷத்தில் வாயைப் பொத்திக்கொண்டேன்.

அப்போதுதான் டிராக்டர் சத்தம் கேட்டது.

முன்னால் நெதெல்கோவின் டிராக்டர், பின்னால் இன்னும் இரண்டு. டிரெய்லர்களில் ஆண்கள், தோளில் துப்பாக்கி, கையில் சூடான ரக்கியா சாராயம். பாட்டு வேறு. பாதை நடுவில் கையை விரித்துக்கொண்டு நின்றேன்.

"நிறுத்துடா! பாட்டை நிறுத்து!"

நெதெல்கோ எஞ்சினை அணைத்தான். "என்னக்கா? ரூஷாகிட்டேருந்து எதாவது..."

"இல்லடா. ஆந்தைங்க இங்க இருக்கு. கொட்டகைக்குப் பின்னால. மொத்தக் கூட்டமும்."

டிரெய்லரிலிருந்து ராதிவோயின் குரல் வந்தது. "டீச்சரம்மா, ஒரு சந்தேகம். ஒரு மாசமா என்ன சொன்னீங்க? சர்ச்சுல சுடாதே, பண்ணையில சுடுன்னீங்க. வந்துட்டோம். இப்ப என்ன?"

"இப்ப சர்ச்சுல சுடுங்க."

அவர்கள் சிரித்த சிரிப்பில் ஆந்தைகள் எழும்பிவிடுமோ என்று எனக்குப் பயமாக இருந்தது. ஒருவன் தரையில் உட்கார்ந்தே சிரித்தான்.

"ஆந்தைங்களுக்கு ஒரு டைம்டேபிள் போட்டுக் குடுங்க டீச்சர், எந்தத் தேதியில எந்த மரம்னு!"

"நாளைக்கு அதுங்க என் வீட்டுக் கக்கூஸ்ல உக்காந்தா நான் எங்க போறது?"

"சிரிங்கடா, சிரிங்க" என்றேன். "என் தப்புதான். கோஷவா அடிக்கும்னு எனக்குத் தோணலை. கால்ல விழணும்னா விழறேன். ஆனா இங்க வேண்டாம். அங்க மரம் காலி, நான் காலையிலயே பாத்துட்டேன். அங்க எவ்வளவு வேணா சுடுங்க."

"காலே உறைஞ்சு போச்சு" என்று முணுமுணுத்தார்கள். "வீட்டுக்குப் போய் பீன்ஸும் மீனும் சாப்பிடறதை விட்டுட்டு..."

நெதெல்கோவின் சட்டைப்பையில் போன் அடித்தது.

அவன் கையுறையைப் பல்லால் கடித்து இழுத்தான். போன் கையிலிருந்து பனியில் விழுந்தது. எடுத்துக் காதில் வைத்தான். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் பயம். பிறகு எல்லாம் கழன்று விழுந்து, சின்ன வயசில் உறைந்த கால்வாயில் சறுக்கப் போன நெதெல்கோவின் முகம். "ரெண்டு பேரும் நல்லா இருக்கீங்கல்ல? நல்லா இருக்கீங்கல்ல?" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டான். பிறகு, "ஆமா ரூஷா, சுடறேன். இரு. கூப்பிடறேன்" என்று வைத்தான்.

"பொண்ணு" என்றான் எங்களிடம். கண்ணீரைத் துடைக்கக்கூட இல்லை.

நான் அவனைக் கட்டிக்கொண்டேன். சிலர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள், சிலர் தொண்டையைச் செருமிக்கொண்டார்கள். ராதிவோய் இறங்கி வந்து அவன் முதுகில் தட்டினான். அவன் கெட்டவன் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டே சொன்னான்.

"விடுடா. நல்லதாத்தான் போச்சு. ஆந்தைக்காகச் சுடலைன்னு சொல்லிக்கலாம். யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க."

நெதெல்கோ அவனை விட்டுவிட்டுத் திரும்பினான். என்னைப் பார்த்தான். கோபமாகக்கூட இல்லை. அந்தப் பார்வையில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இன்றைக்கு ஊரில் சத்தம் வராவிட்டால், ஆந்தையால் என்று எவனும் நம்பமாட்டான். 'பெண்ணாம், அதான்' என்பார்கள். அந்தப் பேச்சு அந்தக் குழந்தைக்கு முன்னாலேயே வீடு வந்து சேர்ந்துவிடும். ரூஷா சிரித்துவிட்டு உள்ளே போவாள்.

"சர்ச்சுக்குப் போறேன்" என்றான் நெதெல்கோ. "வர்றவன் வாங்க. அக்கா, ஏறு."

வழியில் பிரோஷ்காவின் காரைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டோம். அவள் ஜன்னலை இறக்கி, "என்ன குழந்தை?" என்று கத்தினாள். "பொண்ணு!" என்று நான் கத்தினேன். அவள் ஹார்னை விடாமல் அழுத்தினாள். நல்லவேளை, பண்ணை பின்னால் தூரத்தில் போய்விட்டிருந்தது.

தேவாலய முற்றத்தில் ஓக் கிளைகள் குவித்திருந்தன. இலைகள் காய்ந்து காற்றில் சலசலத்தன. பெண்களும் பிள்ளைகளும் சுற்றி நின்று கால் மாற்றிக்கொண்டிருந்தார்கள். பாதிரியார், "சீக்கிரம்ப்பா, காத்து ஏறுது, இனிமே பத்தவைக்க முடியாது" என்றார். பெண் குழந்தை என்ற செய்தி எங்களுக்கு முன்னாலேயே வந்து நின்றது. எப்படி வந்தது என்று கேட்காதீர்கள், எங்கள் ஊரில் அது அப்படித்தான். எல்லாரும் நெதெல்கோவையும் அவன் தோளிலிருந்த இரட்டைக்குழலையும் பார்த்தார்கள். பின்னால் வந்த ஆண்கள் கேட்டருகிலேயே நின்றுவிட்டார்கள். யாரும் துப்பாக்கியை இறக்கவில்லை. முதல் சத்தம் அவனுடையதாக இருக்கட்டும் என்று விட்டார்களா, அவன் என்ன செய்கிறான் பார்ப்போம் என்று நின்றார்களா, எனக்குத் தெரியாது.

நெதெல்கோ போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான்.

"நெதெல்கோ, சீக்கிரம்" என்றாள் ரூஷா. குரல் களைத்திருந்தது. "நர்ஸ் போனை வாங்கிக்கறேங்கறாங்க. அடுத்து இவளைக் கொண்டுபோய் எடை பாக்கணுமாம். ம், சுடு, நாங்க கேக்கறோம்."

போனை என் கையில் கொடுத்துவிட்டுத் துப்பாக்கியைத் தூக்கினான். தூக்கியவன் அப்படியே நின்றான். கண் மேலே, பைன் மரங்களுக்குப் பின்னால், சுவரோரம் நிற்கும் குட்டைத் துயா மரத்தின்மேல் இருந்தது. வேட்டைக்காரன் கண்.

"அக்கா" என்றான், உதட்டை அசைக்காமல். "ஒண்ணு இருக்கு."

பார்த்தேன். காலையில் நான் பைன் மரங்களை மட்டுமே அண்ணாந்து பார்த்துவிட்டு ஓடியிருக்கிறேன். துயாவின் தண்டோடு ஒட்டி, இறகெல்லாம் உப்ப, ஒரு ஆந்தை. கொம்புகள் நிமிரவில்லை. கண் பாதிதான் திறந்திருந்தது. மற்றவை போனபோது கூடப் போக முடியாமல் இருந்துவிட்டது என்று பார்த்ததுமே புரிந்தது. போன வாரம் என் கையில் கனமில்லாமல் கிடந்ததே, அதற்கு முந்தின நாள் அதுவும் இப்படித்தான் உட்கார்ந்திருக்கும்.

"நெதெல்கோ?" என்றது போன். "என்ன ஆச்சு? ஏன் சத்தம் வரல?"

கேட்டருகே யாரோ இருமினார்கள். "தொண்டை கட்டிக்கிச்சு போல" என்று ஒருவன் மெதுவாகச் சொன்னது காற்றில் தெளிவாகக் கேட்டது. ராதிவோய் இல்லை, வேறு யாரோ. ஒரு பெண் பக்கத்திலிருந்தவள் காதில் குனிந்தாள்.

தெருமுனைக்குப் போய்ச் சுடலாம். கால்வாய்க்கரைக்குப் போகலாம். ஆனால் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு அவன் திரும்பி நடக்கும் ஒவ்வொரு அடியையும் இந்த ஊர் எப்படிப் படிக்கும் என்று எனக்குத் தெரியும். ரூஷாவிடம் நர்ஸ் ஏதோ சொல்வது போனில் கேட்டது. அதற்குப் பின்னால் ஒரு சத்தம். பூனைக்குட்டி மாதிரி. என் தம்பி மகள் அழுகிறாள்.

நெதெல்கோ குழலைக் கீழே இறக்கினான். "நீ சொல்லுக்கா" என்றான். "நீ வேண்டாம்னா வேண்டாம். நான் ரூஷாகிட்ட சொல்லிக்கறேன்."

நான் சொன்னால் அவன் கேட்பான். டிசம்பர் முழுக்க எனக்காக வாட்ச்மேன் என்று பேர் வாங்கியவன் இன்னும் ஒரு பேரையும் வாங்கிக்கொள்வான். அதை நினைத்ததும் எனக்கு உள்ளே ஏதோ பற்றிக்கொண்டது. அவன்மேல் இல்லை, ஊர்மேல்கூட இல்லை. இந்தப் பறவைக்காகத் திரும்பத் திரும்ப மற்றவர்களைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன், கொடுத்ததெல்லாம் அவர்கள்தான்.

"குடு" என்றேன்.

"என்னது?"

"துப்பாக்கியைக் குடுடா. நீ சுட்டா நான் ஆயுசுக்கும் உன்னைக் கோச்சுப்பேன். என்னை நான் கோச்சுக்கறது எனக்குப் பழக்கம்தான். குடு."

போனை அவனிடம் நீட்டிவிட்டுத் துப்பாக்கியை வாங்கினேன். எங்கள் ஊரில் பொம்பளை கையில் துப்பாக்கியை யாரும் பார்த்ததில்லை. பாதிரியார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். தோளில் வைத்து, துயாவுக்கு எதிர்ப்பக்கம், தெருவுக்கு மேலிருந்த வெறும் வானத்தைப் பார்த்தேன். மன்னிச்சுக்கோ என்று அந்த ஆந்தையிடம்தான் சொன்னேன், வாய்விட்டே சொன்னேன்.

அழுத்தினேன்.

தோள் கழன்றதுபோல உதைத்தது. காது இரண்டும் அடைத்துக்கொண்டன. கூரைகளிலிருந்து காக்கைகள் கிளம்பின. துயாவிலிருந்து அது வெளியே வந்தது. விழுகிறதோ என்று நினைத்தேன். விழவில்லை. இறக்கையை விரித்து, எங்கள் எல்லார் தலைக்கும் மேலாக, சத்தமே இல்லாமல், காற்றோடு போராடிக்கொண்டு கிழக்கே போனது. பண்ணை கிழக்கேதான். அங்கே போய்ச் சேர்ந்ததா, நடுவில் எங்காவது விழுந்ததா, அது இன்றுவரை எனக்குத் தெரியாது. மறுநாள் விடிந்ததும் அந்த வழி முழுக்க நடந்து தேடினேன், கிடைக்கவில்லை. கிடைக்காததை நல்ல சேதி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

காது கொஞ்சம் திறந்தபோது போனில் ரூஷாவின் குரல் கேட்டது. அழுகையும் சிரிப்புமாக.

"கேட்டுச்சு! கேட்டுச்சு! நெதெல்கோ, இவ முழிச்சுப் பாக்கறா! ஆனா அது உன் சத்தம் மாதிரி இல்லயே, ஏதோ தடுமாறின மாதிரி... யார் சுட்டது?"

நெதெல்கோ என்னைப் பார்த்தான்.

"அவ அத்தை" என்றான்.

வார்டே கேட்கும்படியான குரலில் ரூஷா கேட்டாள்.

"அண்ணி, பையன்னா மூணு சுடுவாங்க இல்ல?"

துயா மரத்தைத் திரும்பிப் பார்த்தேன். காலி. இனி யாருக்கும் நஷ்டமில்லை. இரண்டாவது குழலையும் சுட்டேன். முகத்தில் வழிந்ததைத் துடைக்கக்கூட இல்லை. மூன்றாவதற்குத் தோட்டா வேண்டும். நேராகக் கேட்டருகே போனேன். ஆண்கள் விலகி வழி விட்டார்கள், ராதிவோய் மட்டும் விலகத் தெரியாமல் நின்றான். அவன் முன்னால் கையை நீட்டினேன்.

"எடு ஒண்ணு" என்றேன்.

அவன் பையைத் துழாவினான்.